நகரசபை அங்கத்தினரும் நாமும்

காலையில் பத்திரிகை வந்ததும் பெரும்பாலோர் முதலில் நாடுவது டில்லிச் செய்தியை; அதன் பின் சென்னைச் செய்தியை. மந்திரிசபையில் மாறுதல் உண்டா, வரி ஏறிற்றா இறங்கிற்றா, எல்லையில் நிலைமை என்ன என்பவையெல்லாம் திண்ணையிலும் ரயிலிலும் நன்றாக அலசப்படுகின்றன. தெருவில் எரியாத விளக்கும், மூன்று நாளாய் அள்ளப்படாத குப்பையும், விடியுமுன் வந்து அரை மணியில் நின்றுவிடும் குழாய்த் தண்ணீரும் அந்த ஆராய்ச்சியில் இடம் பெறுவது அரிது. அவை சில்லறைச் சங்கதிகள் என்று ஒதுக்கப்படுகின்றன.

பிழைப்பை நாடி அயல் மாநிலம் வந்த குடும்பங்களிடம் இவ்வொதுக்கம் இன்னும் சற்று மிகுதி. "வந்த இடத்தில் நமக்கேன் வம்பு?" என்று முதியோர் கூறுவதை நாம் பல இல்லங்களில் கேட்டிருக்கிறோம். அச்சொல்லில் அச்சம் மட்டுமன்று, அடக்கமும் உண்டு. அதனை நாம் இகழ மாட்டோம். ஆயினும், மக்கள் பிரதிநிதிகளுள் மிகச் சிறியவராக எண்ணப்படும் நகரசபை அங்கத்தினர் ஒருவர் மாதந்தோறும் ஆற்றிய பணியைச் சில ஆண்டுகள் அருகிலிருந்து காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கண்டதையும், அதனால் எண்ணியதையும் நம் மாத இதழின் நேயர்களோடு பகிர்ந்து கொள்வது பயனுடைத்தெனக் கருதுகிறோம்.

முதலில் ஊரின் கதையைச் சிறிது நினைவுகூர்வோம். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றித் தண்டு அமைத்தனர். அத்தண்டினைத் தொடர்ந்து வந்த சிப்பாய்களும், வியாபாரிகளும், கொத்தர்களும், சமையற்காரர்களும் பலர் தமிழ் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்றும் ஒலிக்கும் தமிழ் அவர்கள் விட்டுச் சென்றது. கெம்பே கௌடர் கண்ட பழைய பேட்டை ஒரு நகரமாகவும், தண்டு மற்றொரு நகரமாகவும் நெடுங்காலம் தனித்தனியே இயங்கின. 1862ஆம் ஆண்டில் இரண்டுக்கும் தனித்தனி முனிசிபாலிடி ஏற்பட்டது. 1947 ஜூலையில் தண்டு மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1949 டிசம்பரில் இரு முனிசிபாலிடிகளும் ஒன்றாகிப் பெங்களூர் கார்ப்பரேஷன் பிறந்தது. ஆகவே இந்நகரின் பொது வாழ்வில் தமிழர் நேற்று வந்து நுழைந்தவர் அல்லர். ராய்பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி எத்தனையோ தலைமுறைகளுக்குக் கல்வி அளித்திருக்கிறது. இன்று பெங்களூர் நகர மாவட்டத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி என்பது 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கால் தெரிய வருகிறது.

இனி, நகரசபை அங்கத்தினரின் வேலையைப் பார்ப்போம். 1993 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைய வேண்டும் என்று விதித்தது. கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டில் செய்த சட்டத் திருத்தத்தின்படி அங்கத்தினரே கமிட்டிக்குத் தலைவர். அவருடன் பத்துப் பேர். அப்பத்துப் பேரில் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் இருவரும், பெண்கள் மூவரும், குடியிருப்போர் சங்கங்களைச் சேர்ந்தவர் இருவரும் இருத்தல் வேண்டும். கமிட்டி மாதந்தோறும் கூட வேண்டும். ஏட்டில் இவ்வளவு அழகாக இருந்தும், கமிட்டிகள் ஊரெங்கும் உயிர் பெற்றுக் கூடத் தொடங்கியது 2018 டிசம்பரில்தான். குப்பைப் பிரச்னை முற்றி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, நீதிபதிகள் வற்புறுத்திய பின்னரே அது நடந்தது. மாதத்தின் முதற் சனிக்கிழமை கூட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது.

நாம் வசித்த வட்டத்தின் அங்கத்தினர் ஓர் அம்மையார். 2015 ஆகஸ்டில் நடந்த தேர்தலில் வென்றவர். அவ்வாண்டு 198 இடங்களில் பாதி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. தாய்மொழி கன்னடம், கடைத்தெருவில் வளர்ந்தவராதலின் தமிழும் உருதும் தடையின்றிப் பேசுவார். அவர் பெயரையோ வட்டத்தின் பெயரையோ இங்குக் கூறப்போவதில்லை. இது ஒருவரைப் புகழ எழுதும் கட்டுரை அன்று. அவரைப் போன்றவர் இன்னும் பலர் இருந்திருக்கக் கூடும்.

அவருடைய மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கியிருந்தது. அதில் மூன்று பத்தி. முதற் பத்தி, இங்கேயே முடியக் கூடியவை: விளக்கு, சாக்கடை, குப்பை, நடைபாதை. இரண்டாம் பத்தி, வேறு ஆபீஸ்களில் முடிய வேண்டியவை: குடிநீர் வாரியம், மின்சாரம், ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை. மூன்றாம் பத்தி, டில்லிவரை செல்ல வேண்டியவை: ரயில்பாதைக்கு அடியில் செல்லும் வழி, ராணுவ நிலத்தை ஒட்டிய சுவர், அஞ்சலகக் கிளை போன்றவை. மாதத்தின் முதல் வாரத்தில் வார்டு கமிட்டி. பின்னர் என்ஜினீயருடனும் சுகாதார மேற்பார்வையாளருடனும் காலை நடை. இடையில் மாமன்றக் கூட்டம். கடைசி வாரத்தில் எம்.எல்.ஏ.விடமும் எம்.பி.யிடமும் மூன்றாம் பத்தியைக் கொண்டு சேர்ப்பது. முடிந்ததன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. முடியாதது அடுத்த மாதப் பக்கத்துக்கு மாறும். ஒரு சங்கதி ஏழு பக்கம் மாறி வந்ததையும் நாம் கண்டதுண்டு.

2019ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட அறை ஒன்றில் முப்பது பேர் போல் கூடியிருந்தோம். குப்பை வண்டி எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு வரும் என்பதில் ஒரு மணி நேரம் கழிந்தது. பின்வரிசையில், பூக்கூடையை மடியில் வைத்தபடி ஒரு மூதாட்டி எழுவதும் அமர்வதுமாக இருந்தார். அங்கத்தினர் கண்டுகொண்டு, "பேசுங்கள் அஜ்ஜி, தமிழிலேயே சொல்லுங்கள்" என்றார்.

"அம்மா, அவர் போய் இரண்டு வருஷமாச்சு. விதவைப் பணம் கேட்டால் காகிதம் செல்லாது என்கிறார்கள்."

விஷயம் இதுதான். கணவர் இறந்தது திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊரில். மரணச் சான்று முழுவதும் தமிழில். இங்குள்ளவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. மூதாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது. தமிழ்ச் சான்றும் கன்னட விண்ணப்பமும் ஒரே கைப்பையில் ஒன்றையொன்று அறியாமல் இரண்டாண்டு கிடந்தன. அங்கத்தினர் சுற்றிலும் பார்த்து, "இங்கே இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார். முப்பது பேரில் கை தூக்கியவர் இருவர். அவ்விருவருள் கல்லூரி மாணவி ஒருத்தி மொழிபெயர்த்துக் கொடுத்தாள். நோட்டரி ஒருவர் கட்டணமின்றிக் கையொப்பம் இட்டார். நான்காம் மாதத்தில் நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பத்தியில் சிவப்புக் கோடு விழுந்தது. சர்க்காருக்கு இது பெருஞ் செலவு அன்று. அம்மூதாட்டிக்கோ மாதக் கடைசியில் அரிசி.

"இவையெல்லாம் நற்செயல்களே, ஆனால் நாட்டுச் சேவை என்பது வேறல்லவா?" என்று சில அன்பர்கள் கேட்பர். இக்கேள்விக்கு நம் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1920ஆம் ஆண்டில் சென்னை நகரசபையின் தலைவராயிருந்த சர் பி. தியாகராய செட்டியார், ஆயிரம் விளக்குப் பகுதிக் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையை வரச் செய்வது எப்படி என்ற ஒரு வட்டாரக் கவலையிலிருந்து பிறந்த யோசனை அது. சில ஆண்டுகளில் ஆங்கில சர்க்கார் அச்செலவை மறுத்துவிட்டது; திட்டம் நின்றது. யோசனை மட்டும் நிற்கவில்லை. 1956இல் காமராஜர் அதனை மாகாணம் முழுவதற்கும் விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக வளர்த்தார். 1995 ஆகஸ்டில் இந்திய அரசு தேசியத் திட்டமாக்கிற்று. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவையே அளிக்க வேண்டுமென எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. கர்நாடகத்தில் அது அட்சர தாசோகம் என்ற பெயரால் நடைபெறுகிறது. இன்று பெங்களூர் சர்க்கார் பள்ளியில் நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் பிள்ளை உண்ணும் பகலுணவுக்கு வேர், ஒரு நகரசபைத் தீர்மானத்தில் இருக்கிறது. எது வட்டாரச் சேவை, எது நாட்டுச் சேவை என்று கோடு கிழிப்பது எளிதன்று.

நம் வீட்டுக் குழாயையே எடுத்துக் கொள்வோம். பெங்களூரின் பெருவாரியான குடிநீர் காவிரியிலிருந்து வருவது. 1974இல் முதற்கட்டம் தொடங்கியது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு நீர் வந்து சேர்கிறது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 77 கோடி லிட்டருக்கு மேல் கொண்டு வருவது அதன் அளவு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரி வழக்கில் தீர்ப்பளித்தபோது, கர்நாடகத்துக்குக் கூட்டித் தந்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்க்கென்றே ஒதுக்கிற்று. அதே தீர்ப்பில் தமிழ்நாட்டின் பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. இத்தீர்ப்பின் இரு பக்கமும் நம் குடும்பங்களுக்குள் இருக்கின்றன. தஞ்சையில் அண்ணன் குறுவைக்கு மேட்டூர் திறக்கும் நாளை எண்ணுகிறான். அல்சூரில் தம்பி காலையில் குழாயைத் திறக்கிறான். இருவருக்கும் ஒரே ஆறு. இத்தகைய நிலை இந்தியாவில் வேறு எவருக்கும் இவ்வளவு நெருக்கமாக வாய்த்ததாகத் தெரியவில்லை. தண்ணீரை வீணாக்காமை பற்றி வார்டு கமிட்டியில் ஒரு தமிழர் எழுந்து பேசினால், அவர் இரு மாநிலத்துக்கும் சேர்த்தே பேசுகிறார்.

அந்த ஆறு சினமாக மாறிய நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி நடந்த கலவரத்தில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் பல தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் கையிற் கிடைத்ததை எடுத்துக் கொண்டு ஊர் நீங்கினர். அதை நேரில் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. 2016 செப்டம்பர் 12ஆம் தேதி மீண்டும் தீ மூண்டது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்தன. அன்று பிற்பகல் நம் தெருவில் வீடுகளெல்லாம் தாழிடப்பட்டிருந்தன. தெருமுனையில் நம் அங்கத்தினர் தனியே நின்றிருந்தார். கையில் கொடியும் இல்லை. உடன் போலீசும் இல்லை. பிள்ளைகள் சிலர் கூச்சலிட்டபடி அத்திசையில் வந்தனர். அவர் கோபிக்கவில்லை. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்து, "உன் தாய் எங்கே? வீட்டுக்குப் போ" என்றார். அவர்களில் பாதிப் பேருடைய தாய்மாரை அவர் அறிவார். அவர்கள் வீட்டுச் சாக்கடையும் அதே நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டதுதான். கூட்டம் திரும்பிச் சென்றது. உச்ச நீதிமன்றத்தின் வழக்கு ஒன்று நம் தெருவுக்குள் நுழைய முற்பட்ட வேளையில் அதனைத் தடுத்து நிறுத்தியது, மாதந்தோறும் விளக்கும் குப்பையும் பேசிப் பேசி வளர்ந்த பழக்கமே.

இதற்கு மறுபக்கமாக ஒரு நல்ல நிகழ்ச்சியையும் கூறாதிருத்தல் தகாது. அல்சூர் ஏரியருகே 1991இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே நின்றது. 2009 ஆகஸ்டு 9ஆம் தேதி, கர்நாடக முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதல்வர் கலைஞர் கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். அதே மாதம் 13ஆம் தேதி சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் முதல்வர்கள். ஆயினும் அந்நாளுக்குப் பின் அச்சிலை அமைதியாக நிற்பதற்குக் காரணம் அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணம்.

இத்தகைய பணிக்கு நேர்ந்தது என்ன? 2020 செப்டம்பர் 10ஆம் தேதியோடு மாமன்றத்தின் காலம் முடிந்தது. விரைவில் தேர்தல் நடத்துமாறு உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. வார்டுகளின் எண்ணிக்கையும் இட ஒதுக்கீடும் மாறி மாறி வகுக்கப்பட்டன. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோது, இந்நகரம் ஐந்தாண்டுகளாக ஓர் அங்கத்தினரும் இன்றி நடந்து கொண்டிருந்தது. அதற்கு முன்பும், 2006 நவம்பர் முதல் 2010 வரை இதே நிலை இருந்தது. அந்நாட்களில் ஊர் நின்றுவிடவில்லை; அதிகாரிகள் வேலை செய்தனர், எம்.எல்.ஏ.க்கள் பார்த்துக் கொண்டனர். ஆங்கிலம் அறிந்தவரும் தொலைபேசியில் புகார் எழுதத் தெரிந்தவரும் எப்படியோ சமாளித்தனர். பூக்கூடையுடன் பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டிக்குத்தான் "பேசுங்கள் அஜ்ஜி" என்று அழைப்பார் இல்லாமற் போயினர். பதவி ஒழிந்த பின்னும் நம் அம்மையார் வீட்டு வாசலில் சில காலம் மக்கள் வந்து நின்றனர். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதிக் கொண்டார். ஆனால் என்ஜினீயரை உடன் அழைத்து நடக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இங்கு நம் குடும்பங்களைப் பற்றிய ஒரு கடினமான கேள்வி எழுகிறது. நம்மில் பலருடைய வாக்கு இன்றும் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. நம் தந்தையார் முப்பத்தைந்து ஆண்டு பெங்களூரில் உழைத்தவர். வாக்களிக்க மட்டும் இரவு பஸ் ஏறித் தம் கிராமத்துக்குச் செல்வார். "பட்டியலில் பேர் இருக்கிற வரைக்கும் நான் அந்த ஊர்க்காரன்" என்பது அவர் வாதம். அதனை மறுக்க எவருக்கும் மனம் வராது. நிலம் விற்றுப் போய், வீடு இடிந்து போய், ஊரோடு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பு அந்த ஒரு வரியாகவும் இருக்கலாம். ஆனால் சட்டம் ஒருவருக்கு ஓரிடத்தில்தான் வாக்களிக்க இடம் தருகிறது. அதுவும் அவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இங்குள்ள எத்தனையோ வீடுகளில் இக்கேள்வி இரவுச் சாப்பாட்டின்போது எழுந்தது. ஊரில் வாக்கை வைத்துக் கொண்டால் இங்குள்ள அங்கத்தினருக்கு நாம் வாக்காளர் அல்லர். இங்கு மாற்றிக் கொண்டால் கிராமத்தில் நாம் விருந்தாளி.

அவரவர் மனம் அவரவருக்கு. நம் கருத்தை மட்டும் கூறுகிறோம். பிள்ளைகள் எங்கே பள்ளிக்குச் செல்கின்றனரோ, குழாயில் எந்த ஊர்த் தண்ணீர் வருகிறதோ, நள்ளிரவில் நோய் கண்டால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோமோ, அந்த ஊரில் வாக்கு இருப்பதே முறை. பிறந்த ஊரின்பால் உள்ள அன்பு பட்டியலில் உள்ள ஒரு வரியால் நிற்பதன்று. கோயில் திருவிழாவுக்குச் செல்லலாம். பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தரலாம். அங்குள்ள முதியோரைப் பேணலாம். இவற்றுக்கு வாக்குச் சீட்டு தேவையில்லை. வட்டாரக் கமிட்டியில் நம் சொல் ஏறுவதற்கோ அது பெரிதும் தேவை. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்குப் படிவம் 6. இருப்பிடம் மாற்றுவதற்குப் படிவம் 8. இரண்டும் எளியவையே.

இன்னும் ஒன்று. அக்கூட்டங்களில் நடப்பதெல்லாம் கன்னடத்தில் எழுதப்படும். அது இம்மாநிலத்தின் மொழி, அதுவே முறையும்கூட. வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் இருந்தால், கைப்பையில் ஒன்றையொன்று அறியாது கிடக்கும் காகிதங்கள் எத்தனையோ பேசத் தொடங்கும். மூதாட்டிக்கு உதவிய அம்மாணவி தமிழையும் இழக்கவில்லை, கன்னடத்தையும் அஞ்சவில்லை. அவளைப் போன்றோர் பெருகுதல் வேண்டும்.

ஆகவே நேயர்கள் தத்தம் வட்டத்தில் கமிட்டி கூடும் நாளை விசாரித்தறிந்து, மாதத்தில் அந்த ஒரு காலைப்பொழுதை அதற்கென ஒதுக்குமாறு வேண்டுகிறோம். முதல் முறை பேச வேண்டுவதில்லை. வீட்டுப் பெண்களையும் அழைத்துச் சென்று, ஒரு நாற்காலியில் அமர்ந்து கேட்டு வந்தாலே போதும். அம்மாதம் தலைவர் நம் முகத்தைப் பார்ப்பார், மறு மாதம் பெயரைக் கேட்பார், மூன்றாம் மாதம், "உங்கள் தெருவில் விளக்கு எரிகிறதா?" என்று அவரே விசாரிப்பார்.